எட்டு மணி நேரம் யாருக்கு?

(மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது கலிபோர்னியாவைப் பற்றி. ஹாலிவுட்டையும் கம்ப்யூட்டர் கம்பெனிகளையும் ஒதுக்கி வையுங்கள். சலினாஸில் லெட்யூஸ் கீரை அறுக்கிற, டெலானோவில் திராட்சை பறிக்கிற, வாட்சன்வில்லில் ஸ்ட்ராபெர்ரிப் பாத்திகளுக்கு நடுவே நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற கலிபோர்னியாதான் நம் பேச்சு. அந்த வயல்களில் வேலை செய்தவரின் மகள் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனார். போய் என்ன செய்தார், என்ன செய்ய முடியவில்லை என்பதுதான் விஷயம்.

இப்படி ஒரு தலைப்பைச் சொன்னவுடன் நமக்குப் பழக்கமான ஒரு கதை வந்து நிற்கும். ஏழைக் குடும்பம், படிப்பு, பதவி, கைதட்டல். அந்தக் கதையில் எனக்கு ஆர்வம் குறைவு. ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதால் மட்டும் ஒரு வயலிலும் கூலி உயர்வதில்லை. அவர் வந்த பிறகு சட்டத்தில் எந்த வரி மாறியது? அதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

1970களின் நடுப்பகுதி வரை கலிபோர்னியாவில் லெட்யூஸ், சர்க்கரை பீட் வயல்களில் ஒரு களைக்கொத்து இருந்தது. அதன் கைப்பிடி ஓரடி, மிஞ்சினால் இரண்டடி. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அதை ‘எல் கோர்ட்டிட்டோ’ என்றார்கள். நம் பேச்சில் சொன்னால் ‘குட்டை’. இடுப்பை இரண்டாக மடித்தால்தான் அதைப் பிடித்துக் களை எடுக்க முடியும், நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிட முடியும். காலையில் குனிந்தவர் வரிசையின் கடைசியில்தான் நிமிர்வார். நீளக் கைப்பிடி போட்டால் நாற்று வெட்டுப்படும், வேலை சுத்தமாக இருக்காது என்பது பண்ணைக்காரர்கள் சொன்ன காரணம். தொழிலாளர்கள் வேறொன்று சொன்னார்கள். குட்டைக் கொத்து இருந்தால் மேஸ்திரிக்கு வசதி. வயலின் ஓரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

முதுகெலும்பு தேய்ந்தவர்கள் தொழில் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டார்கள். உடைந்த கருவி, பழுதான கருவி என்றால்தான் நாங்கள் தலையிட முடியும், நல்ல நிலையில் உள்ள கருவியைத் தடுக்க விதியில் இடமில்லை என்று துறை கையை விரித்தது. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 ஜனவரியில் நீதிபதிகள் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். பழகப் பழக முதுகை ஒடிக்கிற கருவியும் பாதுகாப்பற்ற கருவிதான் என்றார்கள். அந்த ஆண்டே குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. நீளக் கைப்பிடி வந்தது. லெட்யூஸ் விவசாயம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இந்த வேலைக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள்? இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை என்று 1942இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிராசெரோ திட்டம் என்று பெயர். 1964 வரை நடந்த அந்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் போடப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து, ஊர் திரும்பியதும் சேமிப்பாகத் தருவோம் என்றார்கள். பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவே இல்லை. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஒரு பக்கம். குடும்பத்தோடு பயிரின் பின்னாலேயே போனவர்கள் இன்னொரு பக்கம். இங்கே அறுவடை முடிந்தால் அடுத்த மாவட்டம், அது முடிந்தால் அடுத்த மாநிலம். பின்னாளில் கலிபோர்னியா மாநில மேலவைக்குத் தேர்வான மரியா எலெனா டுராசோ அப்படிப்பட்ட குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். கலிபோர்னியாவிலும் ஓரிகனிலும் விளைச்சல் எங்கேயோ அங்கே போவதுதான் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொழிலாளர்களுக்குச் சட்டம் என்ன செய்தது?

1938இல் அமெரிக்க நாடாளுமன்றம் நியாயமான தொழில் தரச் சட்டத்தை இயற்றியது. குறைந்தபட்சக் கூலி, வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் சாதாரண வேலை, அதற்கு மேல் ஒன்றரை மடங்குக் கூலி என்று எல்லாம் அதில் இருந்தது. அதே சட்டத்தில் விலக்குப் பிரிவு ஒன்றும் இருந்தது. பண்ணைத் தொழிலாளருக்கு இது பொருந்தாது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1935இல் வந்த தொழிற்சங்க உரிமைச் சட்டத்திலும் இதே விலக்கு உண்டு. காரணத்தைத் தெற்கு மாநிலங்களில் தேட வேண்டும். அங்கே வயலிலும் வீட்டு வேலையிலும் இருந்தவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பின மக்கள். அவர்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே கூலிச் சட்டம் என்றால், தென்மாநில உறுப்பினர்களின் வாக்கு கிடைத்திருக்காது. அந்த வாக்கு இல்லாமல் சட்டமே நிறைவேறியிருக்காது. ஆகவே சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதப்படவில்லை. தொழிலின் பெயரை எழுதினார்கள், வேலை முடிந்தது.

கலிபோர்னியா 1941இல் இதே வழியில் போனது. மாநிலத்தின் ஓவர்டைம் விதிகளிலிருந்து பண்ணைத் தொழிலாளர்களை நீக்கியது. ஆலையிலும் கடையிலும் வேலை செய்தவருக்கு எட்டு மணி நேரம் என்று ஒரு கோடு இருந்தது. சூரியன் உதித்து மறையும் வரை வேலை செய்பவருக்குக் கோடே கிடையாது.

1965 செப்டம்பரில் டெலானோவில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முதலில் இறங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். சில நாட்களில் சீசர் சாவெஸும் டொலோரஸ் ஹுவெர்ட்டாவும் வழிநடத்திய மெக்சிகோ வம்சாவளியினரின் சங்கம் சேர்ந்துகொண்டது. ஐந்து ஆண்டுகள் இழுத்த போராட்டம். நாடெங்கும் மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்திய பிறகே பண்ணை முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். 1975இல் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைக் கலிபோர்னியா சட்டமாக்கியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ஜெரி பிரவுன். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வரைப் போல ஆட்சி நடத்துபவர். மறு ஆண்டு ஓவர்டைமும் வந்தது, அரைகுறையாக. நாளுக்கு 10 மணி நேரம் தாண்டினால் உண்டு, வாரம் ஆறு நாளுக்கு மேல் வேலை செய்தால் உண்டு. மற்றவர்களுக்கு எட்டு, இவர்களுக்குப் பத்து. இந்த இரண்டு மணி நேர வித்தியாசம் அடுத்த நாற்பது ஆண்டுகள் அப்படியே நின்றது.

2010இல் பண்ணைத் தொழிலாளர் குடும்ப வழிவந்த மாநில மேலவை உறுப்பினர் டீன் ஃப்ளோரஸ் அதை மாற்றப் பார்த்தார். மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநராக இருந்த நடிகர் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் லொரேனா கொன்சாலஸ் வருகிறார். 1971இல் சான் டியேகோ பக்கத்தில் ஓஷன்சைடில் பிறந்தவர். தந்தை மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளி, தாய் நர்ஸ். ஸ்டான்ஃபோர்டில் பட்டம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சட்டப் படிப்பு. பிறகு சான் டியேகோ வட்டாரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்பு. 2013இல் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்தின் கீழவைக்குப் போனார்.

அவருடைய தொகுதி மெக்சிகோ எல்லையை ஒட்டிய நகரத் தொகுதி. வயல்கள் நிறைந்த மத்தியப் பள்ளத்தாக்குக்கும் அதற்கும் வெகு தூரம். கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். அவர்களில் ஏராளமானோருக்குக் குடியுரிமை இல்லை, பலரிடம் ஆவணமே இல்லை. தொகுதியின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் தலை எண்ணப்படும். வாக்குப்பெட்டிக்கு முன்னால் நிற்க முடியாது. பண்ணை முதலாளிக்கு வாக்கும் இருக்கிறது, தேர்தல் நிதி கொடுக்கப் பணமும் இருக்கிறது. எனவே வயல்கள் மிகுந்த தொகுதியின் உறுப்பினருக்கு வயலில் நிற்பவரைவிட வயலுக்குச் சொந்தக்காரரே கண்ணில் படுவார். நகரத்தில் வென்ற ஒருவர்தான் வயலுக்காகப் பேச வேண்டியிருந்தது.

2016இல் கொன்சாலஸ் கொண்டுவந்த மசோதா, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் என்ற விதியைப் பண்ணைகளுக்கும் நீட்டியது. ஜூன் மாதம் வாக்கெடுப்பு. கீழவையில் மொத்தம் 80 பேர், நிறைவேற 41 வாக்கு வேண்டும். ஆதரவு 38, எதிர்ப்பு 35. தோற்றது. அவருடைய சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியிலேயே சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள், சிலர் வாக்களிக்காமல் நழுவினார்கள்.

அவர் விடவில்லை. அந்த ஆண்டுதான் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்குத் தலைவராகியிருந்தார். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. செலவு பிடிக்கிற மசோதா எதுவும் அந்தக் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும். மசோதாக்கள் எங்கே சாகும், எப்படிப் பிழைக்கும் என்று அவருக்குத் தெரியும். கீழவையில் ஏற்கெனவே நிறைவேறி மேலவையில் கிடந்த வேறொரு மசோதாவை எடுத்து, உள்ளே இருந்ததை எல்லாம் நீக்கிவிட்டு, தோற்ற மசோதாவின் சரக்கை அதில் ஏற்றினார்கள். குறுக்கு வழி என்று எதிர்த்தரப்பு கத்தியது. விதிகள் அனுமதித்த, எல்லாக் கட்சிகளும் பயன்படுத்திய வழிதான். வேகத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். சிறு பண்ணைகளுக்குக் கூடுதலாக மூன்று ஆண்டு அவகாசம். ஆகஸ்ட் கடைசியில் பண்ணைத் தொழிலாளர்கள் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு வந்து பார்வையாளர் மாடத்தை நிறைத்தார்கள். இந்த முறை 44 பேர் ஆதரவு, 32 பேர் எதிர்ப்பு. செப்டம்பர் 12 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். ஆளுநர் யார்? அதே ஜெரி பிரவுன். 1975இல் சங்கச் சட்டத்தில் கையெழுத்திட்ட இளைஞர், 41 ஆண்டுகள் கழித்து 78 வயதில் இதில் கையெழுத்திட்டார்.

26 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் பண்ணைகளில் 2019இல் ஒன்பதரை மணி நேரம், 2020இல் ஒன்பது, 2021இல் எட்டரை, 2022இல் எட்டு என்று அளவு படிப்படியாக இறங்கியது. அதைவிடச் சிறிய பண்ணைகளுக்கு 2025இல் எட்டு வந்து சேர்ந்தது. 1938 முதல் நடந்த விலக்கின் வரலாற்றை அந்தச் சட்டம் தன் முதல் பிரிவுகளிலேயே எழுதி வைத்திருக்கிறது.

பணமாகக் கணக்கிட்டால் என்ன? 2016இல் கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 டாலர். நாளுக்குப் பத்து மணி நேரம் வீதம் ஆறு நாள் வேலை செய்தால், பழைய விதிப்படி வாரத்துக்கு 600 டாலர். புதிய விதிப்படி முதல் 40 மணி நேரத்துக்கு 400, மீதி 20 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வீதம் 300. ஆக 700. ஒரு வாரத்துக்கு நூறு டாலர். ஆலைத் தொழிலாளியின் கையில் விழுந்த அந்த நூறு, தலைமுறை தலைமுறையாகப் பண்ணைத் தொழிலாளியின் கைக்கு வராமல் நின்றது.

நான் இங்கேயே முடித்துக்கொண்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்காமல் போவது நியாயமில்லை. பண்ணைக்காரர்கள் அன்றே சொன்னார்கள்: எங்களால் பழத்தின் விலையை நிர்ணயிக்க முடியாது, மெக்சிகோவிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மலிவாக வருகிறது, ஓவர்டைம் கேட்டால் பத்து மணி நேரத்தை எட்டாகக் குறைப்போம். சிலர் சொன்னபடியே செய்தார்கள். பெர்க்லியில் வேளாண் பொருளியலாளர் அலெக்ஸாண்ட்ரா ஹில் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டுகளில் தொழிலாளர்களின் வேலை நேரம் குறைந்தது, வாரக் கூலியும் குறைந்தது என்று தெரியவந்தது. பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் பதில், எட்டு மணி நேரத்தோடு வீட்டுக்குப் போவதும் ஓர் உரிமைதான் என்பது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். நியூயார்க்கும் ஓரிகனும் பிறகு இதே வழியில் சட்டம் செய்தபோது, பண்ணைக்காரரின் ஓவர்டைம் செலவில் ஒரு பங்கை வரிச்சலுகையாகத் திருப்பித் தர ஏற்பாடு செய்தன. முன்னால் போனவர் இடறிய இடத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் கால் வைத்தார்கள்.

இன்னும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014இல் இதே கொன்சாலஸ் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். ஆண்டுக்கு மூன்று நாளாவது சம்பளத்தோடு நோய் விடுப்பு. சுமார் 65 லட்சம் பேருக்குப் பயன் தந்த சட்டம், பண்ணைத் தொழிலாளர்களும் அதில் உண்டு. ஆனால் கடைசி நேரப் பேரத்தில் ஒரு கூட்டம் வெளியே நிறுத்தப்பட்டது. அரசு உதவியில் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் இருந்து கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள். அவர்களையும் சேர்த்தால் மாநில கஜானாவுக்குச் செலவு அதிகம் என்று ஆளுநர் தரப்பு நின்றது. அதுவரை ஆதரித்த சங்கங்களில் சில கோபித்துக்கொண்டு விலகின. மசோதா நிறைவேறியது, அந்தப் பணியாளர்கள் இல்லாமல். 2016இல் வேறொரு சட்டத்தின் வழியாகத்தான் அவர்களுக்கு நோய் விடுப்பு கிடைத்தது. 1938இல் தென்மாநில வாக்குக்காக நடந்த அதே பேரம், வேறு காரணத்துக்காக, விலக்கப்பட்டவரின் மகளுடைய மசோதாவிலேயே நடந்தது.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சட்டமன்றம் அப்படித்தான் நடக்கிறது. வாக்கு எண்ணிக்கை குறையும்போது யாரையாவது படகிலிருந்து இறக்கச் சொல்வார்கள். எப்போதும் இறக்கப்படுவது வலுவில்லாதவர்தான். 2019இல் செயலி வழி வாகன ஓட்டிகளைத் தொழிலாளர்களாகக் கருத வழிவகுக்கும் சட்டத்தைக் கொன்சாலஸ் கொண்டுவந்தபோது நிலைமை தலைகீழானது. அங்கே விலக்குக் கேட்டு வந்தவர்கள் வலுவானவர்கள். மறு ஆண்டே செயலி நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தித் தங்களுக்கான விலக்கைத் தாங்களே எழுதிக்கொண்டன. 2022இல் கொன்சாலஸ் சட்டமன்றத்திலிருந்து விலகி, மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமைக்குப் போனார். மன்றத்துக்கு வெளியே வலு சேராமல் உள்ளே எழுதுவது நிலைக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது டுராசோவுக்கு வருகிறேன். அவர் முதலில் போனது லாஸ் ஏஞ்சலஸின் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். சங்கக் கூட்டமோ ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும். சங்கத்துக்குள்ளேயே ஒரு விலக்கு. 1989இல் அவர் தலைவரான பிறகு அந்த நிலை மாறியது. 2018இல் மேலவைக்குத் தேர்வானார்.

வயலில் வளர்ந்தவருக்குத் துண்டுக் கூலி தெரியும். வாளிக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது. லாஸ் ஏஞ்சலஸ் தையல் ஆலைகளிலும் அதே கணக்குதான். காலருக்கு இவ்வளவு காசு, ஜிப்புக்கு இவ்வளவு காசு. நாள் முழுக்கத் தைத்தாலும் மணிக் கணக்கில் பார்த்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகும். கேட்டால் ஆலைக்காரர், பிராண்டு தருகிற விலை இவ்வளவுதான் என்பார். பிராண்டைக் கேட்டால், அந்தத் தொழிலாளி எங்கள் ஆளே இல்லை என்று கையைக் கழுவும். டுராசோவின் மசோதா 2020இல் ஒரு முறை தோற்று, 2021இல் சட்டமானது. தையல் வேலையில் துண்டுக் கூலி கூடாது, சங்கத்தோடு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கூலி பாக்கி வைத்தால் பிராண்டும் பொறுப்பு. நழுவுகிறவர்களின் கதவை அது அடைத்தது.

இரண்டு பெண்களின் கதையிலும் பொதுவானது எது என்று யோசித்துப் பார்த்தேன். இருவரும் தேர்தலில் நிற்பதற்கு முன்பே பல ஆண்டுகள் சங்கம் நடத்தியவர்கள். முக்கியமான மசோதா முதல் முறை தோற்றது, இருவரும் இரண்டாம் முறை கொண்டுவந்தார்கள். குடும்பத்தின் அனுபவம் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு கேள்வியை: இந்தச் சட்டத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? அந்தக் கேள்விக்கு விடை எழுதும் பலத்தைக் கொடுத்தது, வாக்கு இல்லாதவர்களையும் சேர்த்துக் கட்டிய சங்கம். குடும்பம் மட்டும் இருந்து சங்கம் இல்லாமல் போயிருந்தால், மேடையில் சொல்ல உருக்கமான ஒரு கதை மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

1938இன் மத்தியச் சட்டத்தில் பண்ணைத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக்குள் வந்தது 1966இல், அதுவும் எல்லோரும் இல்லை. ஓவர்டைம் விலக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கலிபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க், ஓரிகன், கொலராடோ போன்ற சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் மாற்றிக்கொண்டன. எல்லையைத் தாண்டி, மாற்றாத ஒரு மாநிலத்து வயலுக்குப் போனால், அதே தொழிலாளி மறுபடியும் 1938க்குப் போய்விடுவார்.

நம் ஊர்ச் சட்டங்களோடு இதை ஒப்பிடும் வேலையை உங்களிடம் விடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எளிய குடும்பத்திலிருந்து ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனால் மாலை போடுங்கள், தவறில்லை. பிறகு அவர் கொண்டுவரும் மசோதாவை வாங்கி, யாருக்கு இது பொருந்தும் என்ற பக்கத்தைத் தாண்டி, யாருக்குப் பொருந்தாது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அதை எடுக்கப் போகிறீர்களா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லும் வரை கேளுங்கள்.